தோளுயரத்தில் ஒரு கறை

அருண், செல்வி, நீங்கள் இருவரும் திங்கட்கிழமை வேலையில் சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். வண்ணக் குழாய்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, மழை வந்தால் கான்வாஸை எப்படிப் போர்த்துவது, ஸ்டாண்டையும் முக்காலியையும் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் யார் என்பதெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் என்பதால் தமிழில். நான் படித்தது மலையாளத்தில். தமிழ் எங்கள் வீட்டில் பேசுகிற மொழி. அதன் எழுத்தை, உங்கள் பக்கத்திலிருந்து இந்த மட்டாஞ்சேரிக்கு வரும் அரிசி மூட்டைகளில் அச்சடித்திருப்பதைப் படித்துப் படித்துத்தான் முதலில் பிடித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அத்தா, அதாவது என் தகப்பனார், பஜார் ரோட்டில் ஒரு அரிசிக் கிடங்கில் மூட்டை சுமப்பவர். இதை இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். நான் சொல்லப்போகும் காலத்தில் இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு ஓவியர்கள் இந்த வீட்டில் வந்து தங்குவார்கள்; சாமான் தூக்குவது, உட்கார இடம் பார்ப்பது, தெருக்காரர்களிடம் பேசி வைப்பது நம் பொறுப்பு. நான் சேர்ந்த வருடம் வந்தவர் ஓர் இத்தாலியப் பெண்மணி. ஐம்பது தாண்டியவர். நகரங்களை மட்டும் வரைபவர். வெள்ளைக்காரப் பெண் யாராக இருந்தாலும் இங்கே மதாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதுவே பெயராயிற்று. அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

முதல் நாள் அவரை ஜூ டவுனுக்கு, யூதர்கள் வாழ்ந்த பழைய தெருவுக்கு, கூட்டிக்கொண்டு போனேன். பழம்பொருள் கடைகளும் தொங்கவிட்ட துணிகளுமாக, வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுக்கிற மூலை ஒன்று உண்டு. அங்கே முக்காலியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார், ஒரு சுற்றுப் பார்த்தார், எழுந்து முக்காலியை அப்படியே மறுபுறம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது அவருக்கு எதிரே கடைகளின் பின்புறம்: தண்ணீர்த் தொட்டி, பாசி பிடித்த ஓடு, சுக்கு காயப்போட்ட சாக்கு.  விருந்தாளி நேராகக் கொல்லைப்புறத்துக்குப் போய் நின்ற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அவருடைய கதையை நடந்து போகும்போதும் சாயா குடிக்கும்போதும் துண்டு துண்டாகக் கேட்டேன். ஜெனோவா என்கிற துறைமுக ஊரில் பிறந்தவர். தகப்பனார் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற தொழிலாளி. இவர் இளம் வயதில் ஒரு நாடக அரங்கில் சேர்ந்து மேடைக்குத் தெருக்கள் வரைந்தார். அட்டையில் செங்கல், துணியில் ஜன்னல், சுவர் பழசாகத் தெரிய டிகாக்‌ஷன் தண்ணீர். ஆறு வருடம் அப்படி. பிறகு வெனிஸ். சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கால்வாயும் பாலமும் வரைந்தார். நன்றாக விற்றதாம். ஒரு நாள் காலை, பாலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே அந்தப் பாலத்தை வரைந்து முடித்திருப்பது அவருக்கே தெரியவந்தது. அன்றைக்கே பெட்டியைக் கட்டினார்.

அதற்குப் பிறகு ஒரே கட்டுப்பாடு. கண்ணுக்கு எதிரே இல்லாததை வரைவதில்லை. போட்டோ பார்த்தும் இல்லை, ஞாபகத்திலிருந்தும் இல்லை. நேப்பிள்ஸ், மார்செய், அலெக்ஸாண்ட்ரியா என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றினார். பல வருடம் யாரும் சீந்தவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். ஐம்பதை நெருங்கும்போதுதான், ஒரு மீன் சந்தையின் பின்சுவரை அவர் வரைந்த பெரிய படத்தை ஓர் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. பிறகு ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் ஆறு மாதத்துக்கு இங்கே வந்தார். எட்டுப் படங்கள், கடைசியில் மட்டாஞ்சேரியிலேயே ஒரு கண்காட்சி.

கண்காட்சி வாசலில் வைக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கத்தில் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஆசையாக எழுதினேன். நாடகம், வெனிஸ், அருங்காட்சியகம் எல்லாம் வந்தது. சுண்ணாம்பு அடித்த தகப்பனார் மட்டும் வரவில்லை. ‘கலைப் பாரம்பரியம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்’ என்று போட்டுவிட்டேன். பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. மரியாதை செய்கிறோம் என்று நினைத்தேன்.

எட்டாவது படம்தான் பெரியது. அதற்கு அவர் பஜார் ரோட்டில் தேர்ந்தெடுத்த இடம் அத்தா வேலை செய்யும் கிடங்கு.

அந்தக் கிடங்கின் வாசல் குறுகலானது, படியும் உயரம். லாரியிலிருந்து மூட்டையைத் தலையில் ஏற்றி வருகிறவர்கள் ஒரு கையால் மூட்டையைப் பிடித்து, மறு கையை வாசல் தூணில் ஊன்றித்தான் திரும்பி ஏற முடியும். எத்தனையோ வருடமாக, எத்தனையோ பேர் கை. தூணில் தோளுயரத்தில் ஒரு கறை, தோல் செருப்பு மாதிரி கறுத்து மினுமினுத்தது. அதற்கு ஒரு சாண் கீழே, தனியாக, இன்னொரு சின்னக் கறை. தினமும் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை வெயில் அந்தத் தூணில் விழும். அந்த இரண்டரை மணி நேரம்தான் மதாம்மா வரைவார். முக்காலியின் மூன்று காலும் நிற்கும் இடத்தைத் தரையில் பெயிண்டால் குறித்து வைத்திருந்தேன். லாரி குறுக்கே நின்றால் அது போகும்வரை காத்திருப்பார். மூட்டை தூக்குகிறவர்களோடு சேர்ந்து சாயா குடிப்பார். போதும் என்பதற்கு ‘மதி’, நாளைக்கு ‘நாளெ’, அண்ணனுக்கு ‘சேட்டா’ என்று நாலைந்து மலையாளச் சொல் வைத்துக்கொண்டு அவர்களோடு எப்படியோ பேச்சும் நடக்கும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கீழ்க் கறை யாருடையது என்று கேட்டார். எனக்குத் தெரியும். அத்தா குள்ளம். கிடங்கில் அவரைக் குட்டி ராவுத்தர் என்பார்கள். மற்றவர்கள் ஊன்றும் இடம் அவருக்கு எட்டாது. மதாம்மா கேட்ட அந்த நேரத்தில் அத்தா சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றியபடி எங்களைத் தாண்டிப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

அது அவருடைய பழக்கம். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போன நாளிலிருந்தே பஜாரில் எதிர்ப்பட்டால் அவர் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டார். நான் கேட்டு வந்த பழக்கம் இல்லை, அவராகவே வைத்துக்கொண்டது. ஆனால் வேண்டாம் அத்தா என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

தெரியவில்லை, யாரோ ஒருவருடையதாக இருக்கும் என்று மதாம்மாவிடம் சொன்னேன்.

ஐந்து வாரம் ஓடிற்று. கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கான்வாஸைத் தள்ளி நின்று பார்த்தேன். பெயர்ந்த காரை, கிழிந்த நீலத் தார்ப்பாய், நடுவில் அந்தக் கறை. இதையா எல்லாரும் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று மனம் ஒரு மாதிரி ஆயிற்று. மதாம்மா மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டு வரைகிறார், சுத்தமாக இருந்தால் அவருக்கும் சந்தோஷம்தானே என்று நானே முடிவு கட்டினேன். போட்டோவுக்கு நிற்கும் முன் முகம் கழுவிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

கிடங்கு மேனேஜர் பிரபு சாரைப் போய்ப் பார்த்தேன். உங்கள் கிடங்கு படத்தில் வருகிறது, வெளிநாட்டிலெல்லாம் பார்ப்பார்கள், இப்படியா இருக்கணும் என்றேன். எப்படியும் சுண்ணாம்பு அடிக்க வேண்டியதுதான் என்று ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு மூடியிருந்தபோது ஆள் வந்து சுவருக்கும் தூணுக்கும் இரண்டு கோட் அடித்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். தார்ப்பாயை மடித்து வைத்ததும் நான். அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் அசந்து போகட்டும் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை மதாம்மா வந்தார், முக்காலியைக் குறியில் வைத்தார், நிமிர்ந்தார்.  எழுந்து தூணிடம் போய் முகர்ந்து பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறினார். மாவு மாதிரி உதிர்ந்தது. யார் செய்தது என்று கேட்டார்.

“ஓனர்தான். வருஷா வருஷம் அடிக்கிறது” என்றேன்.

பிரபு சார் பத்து மணிக்கு வருவார், வந்ததும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு மதாம்மா முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கைகள் இரண்டும் மடியில். பிரபு சார் வந்தால் என் பொய் தெரிந்துவிடும். பத்து மணிக்குள் எதையாவது செய்ய வேண்டும், என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதற்குள் லாரி வந்தது. முதல் மூட்டையோடு வந்தவர் கமாலிக்கா. அத்தாவின் கூட்டாளி, ஊர் வாய் முழுக்க அவரிடம்தான். தூணில் கை ஊன்றினார், உள்ளங்கை முழுக்க வெள்ளை. “இதெந்தாடா, கிடங்குக்கு நிக்காஹ் வெச்சிருக்கா? பொண்ணு யாரு, எதிர்த்த கிடங்கா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்து வந்தவருக்குக் கை வழுக்கியது, சமாளித்து ஏறிவிட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும் என்று பயந்தேன்.

ஐந்தாவது ஆள் அத்தா. அவர் கை ஊன்றும் இடம் தாழ்வு, அங்கே சுண்ணாம்பு இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. கை சறுக்கியது. மூட்டை ஒரு பக்கம் சாய்ந்து அவரையும் இழுத்துக்கொண்டு படியில் விழுந்தது. தையல் பிரிந்து அரிசி தெரு வரைக்கும் கொட்டியது. அத்தா கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அருண், செல்வி, நான் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடுமே என்று ஒரு கணம் கால் நின்றுவிட்டது. அந்த ஒரு கணத்தில் மதாம்மா ஓடிப்போய், அரிசியில் மண்டி போட்டு, அத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். என் அத்தாவிடம் முதலில் போய்ச் சேர்ந்தது அவர்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்லாமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

பிறகு நானும் போனேன். அத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மதாம்மாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஒண்ணூல்ல சாரே” என்றார். “நீங்க போயி வேலையப் பாருங்க.”

என்னைத்தான். பெற்ற மகனை. விழுந்து கிடந்த நிலையிலும் என் ரகசியத்தை அவர் கைவிடவில்லை. சுற்றி நின்ற எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும். கமாலிக்காகூட வாயைத் திறக்கவில்லை.

நான் மதாம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். இவர் என் தகப்பனார். அந்தச் சின்னக் கறை இவருடையது. சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது ஓனர் இல்லை, நான். மூன்று வாக்கியம். அதற்கு மேல் இங்கிலீஷும் வரவில்லை, வேறு எந்த மொழியும் வரவில்லை.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு படத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல், ஈரச் சாக்கு கொண்டுவா என்றார். சுண்ணாம்பு அடிப்பவரின் மகளுக்குத் தெரிந்திருந்தது. தோளுயரம் வரைக்கும் தூணை ஈரச் சாக்கால் அழுத்தித் தேய்த்து, மேலே நிற்கும் மாவை எடுத்துவிட்டால் கை பிடிக்கும். அது முடியும்வரை அடுத்த மூட்டையைத் தூக்கக் கூடாது என்று சைகையால் நிறுத்திவிட்டு அவரே தேய்க்க ஆரம்பித்தார். நான் கீழ்ப்பக்கம் தேய்த்தேன். கமாலிக்கா தன் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து அத்தாவின் மணிக்கட்டைக் கட்டிவிட்டு என் பக்கம் குனிந்து, “படிச்ச ஆளே, இனி எங்களுக்கும் பௌடர் பூசுவியா?” என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பினேன். எலும்பு முறியவில்லை, பத்து நாள் சுமை எடுக்கக் கூடாது. மதாம்மா கான்வாஸுக்கு முன்னால் நின்றிருந்தார். நான் என்னென்னவோ சொன்னேன். என் போனில் பழைய தூணின் போட்டோ இருக்கிறது என்றேன். எண்ணெயும் கரியும் குழைத்துப் பூசி அதே கறையை உண்டாக்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

“அதை நான் ஆறு வருடம் மேடையில் செய்தேன்” என்றார். பிறகு கத்தியை எடுத்து, ஐந்து வாரம் வரைந்த தூணைக் கான்வாஸிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சுரண்டிக்கொண்டே, நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதில் கலைக் குடும்பம் என்று ஒரு வரி இருந்ததே, அது யாருடைய குடும்பம் என்று கேட்டார். 

“சுண்ணாம்பு அடித்ததற்காக நான் உன்னைக் கோபிக்க முடியாது. எங்கள் வீட்டுச் சாப்பாடு அதில்தான் வந்தது” என்றார். “ஆனால் அதை முதல் வரியில் எழுது.”

வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு முக்காலி எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். அன்று பத்து மணிக்குப் பிரபு சாரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அத்தாவின் பங்கு மூட்டைகளைப் பத்து நாளும் மற்றவர்கள் பிரித்து எடுத்தார்கள். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக் காட்டவில்லை.

மதாம்மா வெள்ளைத் தூணை வரைந்தார். தூணில் என்ன வருகிறதோ அது மட்டும் கான்வாஸிலும் வந்தது. நாலாம் நாள் தோளுயரத்தில் மங்கலாக ஒரு நிழல். பத்தாம் நாள் அது கை மாதிரி ஆகிவிட்டது. கீழே ஒரு சாண் தள்ளி அத்தாவின் கறை இருக்க வேண்டிய இடம் சுத்தமாக இருந்தது. அவர் அங்கே எதையும் வைக்கவில்லை. தினமும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அத்தாவுக்குக் கை எப்படி இருக்கிறது? நானும் தினமும் சாயங்காலம் வீட்டில் அதையே கேட்டேன். அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னடா, மதாம்மாக்கு என் கைக்காகவா படம் நிக்கிது?” என்றார். ஆமாம் அத்தா, உங்கள் கைக்காகத்தான் நிற்கிறது என்றேன்.

பதினொன்றாம் நாள் அவர் சுமைக்குத் திரும்பினார். நான் கூடவே நடந்து போனேன், பஜார் ரோடு முழுக்க, பக்கத்துப் பக்கத்தில். அவர் ரெண்டடி பின்வாங்கிப் பார்த்தார். நானும் நின்று சேர்ந்துகொண்டேன். கண்காட்சி திறப்பதற்கு முதல் நாள் காலை ஒன்பது மணி வாக்கில், தூணில் கீழே ஒரு மங்கிய தடம் தெரிந்தது. மதாம்மா அதைக் கடைசியாக வரைந்து தூரிகையைக் கழுவினார்.

இப்போது நான் போவது காக்கநாட்டுக்கு. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குத் தெருக்கள் வரையும் ஒரு கம்பெனி. சுவர்கள் புதுசு மாதிரியே இருக்கின்றனவாம், கறை வைக்க ஆள் வேண்டுமாம். நேர்முகத் தேர்வில் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். அரிசிக் கிடங்கில் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதிகம் இல்லை. யாராவது ஓவியர் முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால், உங்களுக்கு எங்கே கூசுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். தப்பு செய்துவிட்டால் பத்து மணிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முதலில் ஈரச் சாக்கு, பிறகு படம்.

கண்காட்சி அன்று கிடங்குக்காரர்கள் எல்லாரும் வேலை முடிந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். வாசலில் வைத்திருந்த தாளை அத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஜெனோவாவில் சுண்ணாம்பு அடிக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர்’ என்ற முதல் வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு உள்ளே போனார்.

என்னை வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள், கையில் கேமரா வைத்தவர்கள், ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதாம்மாவும் பக்கத்தில் நின்றார். அப்போது அறையின் அந்தக் கோடியிலிருந்து, எட்டாவது படத்துக்கு முன்னால் நின்றபடி, லாரிக்காரரைக் கூப்பிடுகிற குரலில் அத்தா கூப்பிட்டார். வீட்டுக்கு வெளியே அவர் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“டேய் சமீரு, இங்க வாடா. நம்ம கை இருக்குது பாரு.”